தாங்கள் உரியவர் அல்லர்

“மன்னிக்கவும். தாங்கள் இவ்வண்டிக்கு உரியவர் அல்லர்” என்றது வண்டி.

குரலில் கோபமே இல்லை. அழைக்காமல் பந்தியில் உட்கார்ந்துவிட்டவரை மனம் நோகாமல் எழுப்பும் பெரிய மனிதரின் நிதானம்தான் இருந்தது. பட்டுப்புடவையும் தலைநிறைய மல்லிகையுமாக முன்சீட்டில் உட்கார்ந்திருந்த மிருதுளாவுக்கு அந்த நிதானம்தான் எரிச்சலைக் கிளப்பியது. வண்டி அவள் பெயரில் பதிவானது. வாங்கிய நாளிலிருந்து பதினொரு வருடமாக அவள் பெயரில்தான் இருக்கிறது.

“இன்னொருக்கா அமுத்துங்க” என்றாள்.

“அமுத்தலாம். ஆனா அதுக்கும் ஒரு கணக்கு இருக்குது” என்றான் ஓட்டுநர் இருக்கையில் இருந்த அவள் கணவன் பிரகதீஷ். அவன் முகத்தில் கவலை இருந்தது. கவலைக்கு அடியில், ஒளிக்க முடியாத ஒரு மகிழ்ச்சியும் இருந்தது. எது பழுதானாலும் அவனுக்கு அப்படித்தான். மாவு அரைக்கும் இயந்திரம் நின்றால்கூட, பிறந்தநாள் பரிசைப் பிரிப்பதுபோல அதைப் பிரிப்பான். “இதோட மூணு தடவை இல்லைன்னு சொல்லியிருச்சு. இன்னும் ரெண்டு தடவை சொன்னா நாளைக்குக் காலை வரைக்கும் பூட்டிக்கும்.”

நாளைக் காலை என்பது பேச்சுக்கே இடமில்லாதது. இன்றைக்கே, காலை பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள், ஆனைமலை அடிவாரத்தில் இருக்கும் குலதெய்வம் கோயிலில் அவர்கள் மகள் நிலானிக்குக் காது குத்த வேண்டும். மூன்று வயதுக் குழந்தை முந்தின நாளே நாத்தனார் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விட்டது. ஆசாரி, ஆட்டுக்கிடா, சமையல்காரர், ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் அங்கே. குழந்தையின் காதில் ஏற வேண்டிய தோடு மட்டும் மாமன் சீர்த் தட்டுகளோடு இங்கே, பொள்ளாச்சியில், இந்த வண்டியின் டிக்கிக்குள். டிக்கி பூட்டிக்கொண்டது.

தட்டுகளைக் கொண்டுவந்த மாமன், மிருதுளாவின் அண்ணன் தீரன், எதிர்வீட்டு மின்கம்பத்தடியில் முதுகைக் காட்டி நின்றிருந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் புதுத் துண்டு. அவன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். ஆனால் பிரகதீஷ் இருக்கும் வாசலை அவன் மிதிப்பதில்லை என்பதால், தட்டுகளைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டுத் தெருவிலேயே நின்றுகொண்டான்.

“அம்மிணி” என்று மின்கம்பத்தைப் பார்த்துக் கூப்பிட்டான். “உன்ற ஊட்டுக்காரர்கிட்டக் கேளு, கடப்பாரை இருக்குதான்னு.”

“மிருது, உங்கண்ணன்கிட்டச் சொல்லு” என்றான் பிரகதீஷ், வண்டியின் முகப்பைப் பார்த்தபடி. “டிக்கிக்கு அடியில பேட்டரிக் கேபிள் ஓடுது. கடப்பாரை பட்டுச்சுன்னா காதுகுத்துப் பந்தலுக்குப் பதிலா வேற பந்தல்தான் போடோணும்.”

மிருதுளா எதையும் எடுத்துச் சொல்லவில்லை. இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு குறுகிய தெருதான். ஒவ்வொரு சொல்லும் நன்றாகவே கேட்கும். கேட்டாலும், அவள் வழியாக வந்தால்தான் செல்லும். இரண்டு வருடமாக அவள் ஒரு குழாய். இந்தப் பக்கம் ஊற்றினால் அந்தப் பக்கம் வரும்.

காரணம் இதுதான். வீடு கட்டிப் புகுந்த நாளில், மேளத்தோடும் சீர்த் தட்டுகளோடும் தீரன் வாசலுக்கு வந்தான். பிரகதீஷ் அப்போது கொல்லைப்புறத்தில் ஒரு பொறியாளருக்கு மழைநீர்த் தொட்டியை விளக்கிக்கொண்டிருந்தான். விளக்கத்தின் சுவையில் மேளச் சத்தம்கூடக் காதில் விழவில்லை. முன்னால் வந்து “வாங்க” என்று சொல்லவில்லை. கொங்குப் பக்கத்தில் இது மறதிக் கணக்கில் சேராது. வீட்டுக்கு வருகிறவரை “வாங்க” என்று சொல்லாவிட்டால், வராதே என்று சொன்னதாகவே பொருள். தீரன் தட்டுகளைத் திண்டின்மேல் வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனான். அவ்வளவுதான். அது வரைக்கும் தென்னந்தோப்புகளில் சொட்டுநீர்க் கருவிகளைப் பழுது பார்க்கும் தொழிலை மூன்று பேருமாக நடத்தினார்கள். அதுவும் இரண்டாகப் பிரிந்தது.

இன்று இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட வேண்டும் என்பது மிருதுளாவின் இரகசியத் திட்டம். விரலை அசைத்தால் ஆளில்லா வாடகை வண்டி வாசலுக்கு வரும் காலத்தில், யாரும் சொந்த வண்டியைக் கட்டி மேய்ப்பதில்லை. அப்படியிருந்தும் இந்தப் பழைய ‘சிட்டு’வை விற்காமல் வைத்திருந்தார்கள். தட்டுகளை வேண்டுமென்றே இதன் டிக்கியில் வைத்தாள். தட்டு போகும் வண்டியில்தான் மாமன் போக வேண்டும், முறை அப்படி. திட்டத்தில் பிழையே இல்லை. வண்டிதான் ஒத்துழைக்கவில்லை.

“திடீர்னு இதுக்கு என்னங்க வந்துச்சு? முந்தாநேத்துக்கூட ஓடுச்சே.”

பிரகதீஷ் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். விளக்கம் வரப்போகிறது என்பது அந்தத் திரும்பலிலேயே தெரிந்தது.

“திருட்டைத் தடுக்கறதுக்கு முன்னெல்லாம் சாவி வெச்சாங்க. சாவியத் திருடினாங்க. எண் வெச்சாங்க, எண்ணை எட்டிப் பாத்துட்டாங்க. முகத்தை வெச்சாங்க, படத்தைக் காட்டி ஏமாத்தினாங்க. விரல் ரேகை வெச்சாங்க. திருடனுங்க விரலைப் பத்தியே யோசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அப்பத்தான் இந்தச் சிட்டுக் கம்பெனிக்காரங்க ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. ஒரு ஆளோட பொருளைத் திருடலாம், பழக்கத்தைத் திருட முடியாது. வண்டி முதல் வருசம் பூரா உரியவங்களோட பழக்கத்தைப் படிச்சு வெச்சுக்கும். அதுக்கு மூணு சாட்சி. சீட்டுல எப்படி உக்கார்றோம், ஸ்டியரிங்கை எப்படிப் புடிக்கறோம், உள்ளே என்ன சத்தம் கேக்குது. மூணுல ஒண்ணு பொருந்தினாப் போதும், வண்டி கெளம்பிரும்.”

“சரி, இப்ப?”

“சீட்டுக்கு அடியில எலி வயரைக் கடிச்சுருச்சு. போன வாரமே பாத்தேன். ரெண்டு சாட்சி இருக்குதேன்னு விட்டுட்டேன்.”

“ஸ்டியரிங்?”

பிரகதீஷ் கொஞ்சம் இருமினான். விசேஷத்துக்காக நேற்று அவனே வாங்கிப் போட்ட புதுத் தோலுறை ஸ்டியரிங்கின்மேல் பளபளவென்று இருந்தது. உறை நழுவாமல் இருக்க ஒட்டுப்பசையும் போட்டிருந்தான். பசை, அடியிலிருந்த மெல்லிய உணர்படலத்தைத் தின்றுவிட்டது. உறையைக் கழற்றினால் படலமும் கூடவே வந்துவிடும்.

தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கனைப்பு. “அம்மிணி, ஒரு சாட்சிய எலி தின்னுச்சு, இன்னொண்ணை எது தின்னுச்சுன்னு கேளு.”

“மூணாவது சாட்சி இருக்குதுன்னு சொல்லு மிருது” என்றான் பிரகதீஷ் அழுத்தமாக. “சத்தம். அது ஒண்ணு பேசினாப் போதும். ஆனா அது எந்தச் சத்தத்தைக் கேக்குதுன்னுதான் தெரியல.”

சிட்டுக் கம்பெனி மூடி ஏழு வருடமாகிறது. ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து வைத்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் கேட்டதும் ஒரு பெயர் கிடைத்தது: பெனாசிர். இந்தக் கருவியை எழுதிய குழுவில் இருந்தவர். இப்போது ஓசூரில் பேக்கரி நடத்துகிறார். கூப்பிட்டதும் எடுத்தார். பின்னால் அடுப்பு மணியடித்தது.

“அட, சிட்டுவா! இன்னும் ஓடுதா?” என்றார் பெனாசிர், தொலைந்த சொந்தக்காரரைப் பற்றிக் கேட்பதுபோல.

“ஓட மாட்டேங்குதுங்க” என்றாள் மிருதுளா.

பிரகதீஷ் நடந்ததை அக்கறையாக விவரித்தான். பெனாசிர் நடுவில் இரண்டு முறை “பசையா?” என்று கேட்டார்.

“சரி, கேளுங்க. சத்தத்துக்கு நாங்க எந்த விதியும் எழுதல. ரெண்டே நிபந்தனைதான் வெச்சோம். அந்தச் சத்தம் வண்டிக்குள்ள அடிக்கடி வரணும். வேற யாராலயும் அதை அப்படியே செய்ய முடியக் கூடாது. மத்ததை வண்டியே தேடி எடுத்துக்கும். எதை எடுத்துச்சுன்னு எங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சா நாங்களே திருடலாமே? கிருஷ்ணகிரியில ஒருத்தர் வண்டி அவர் தும்மலைப் பிடிச்சுக்கிச்சு. பாவம், மூக்குப்பொடி டப்பா இல்லாம எங்கயும் போகமாட்டார். இன்னொரு வண்டியில, ‘இன்னும் எவ்வளவு தூரம்’னு ஒரு பாப்பா கேக்கற கேள்வி. அந்தப் பாப்பா இப்ப காலேஜ் போகுது. அவங்கப்பா தினமும் கெஞ்சிக் கேக்க வைக்கறார்.”

“புதுசா வேற ஒண்ணைக் கத்துக்குடுக்க முடியாதுங்களா?”

“அதுக்குக் கம்பெனியோட கம்ப்யூட்டர் வேணும். கம்பெனியே இல்லையே. முதல் வருசம் என்ன படிச்சதோ அதோட நின்னுபோச்சு. உங்களை அது இன்னும் பதினோரு வருசம் முந்திதான் பாத்துட்டு இருக்கு.” அடுப்பு மறுபடி மணியடித்தது. “ஒரு தடவை ஒப்புக்கிச்சுன்னா அன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும் மறுபடி கேக்காது. அப்பக் கூப்பிடுங்க, இதை அடியோட நிறுத்தற வழி சொல்றேன். பூட்டியிருக்கறப்போ மட்டும் எதையும் பிடுங்கிடாதீங்க, செத்துப்போயிடும். இப்ப யோசிங்க. முதல் வருசம் வண்டிக்குள்ள என்ன சத்தம் ஜாஸ்தி?”

யோசிக்க என்ன இருக்கிறது? தெருவுக்கு இந்தப் பக்கம் இருவருக்கும் அந்தப் பக்கம் ஒருவனுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அப்போது மிருதுளாவுக்குக் கல்யாணமாகவில்லை. முன்சீட்டில் பிரகதீஷும் தீரனும்; பின்சீட்டில் கருவிப் பெட்டிகளுக்கு நடுவில் வாடிக்கையாளர்களின் அழைப்புகளைக் கவனித்தபடி அவள். காலையில் கிளம்பினால் இருட்டும் வரைக்கும் முன்னால் ஒரே ஒரு நிகழ்ச்சிதான்.

“சண்டைங்க” என்றாள் மிருதுளா.

“அப்போ சண்டை போடுங்க” என்று சொல்லிவிட்டு பெனாசிர் ரொட்டியைப் பார்க்கப் போனார்.

தீரனை வண்டிக்குள் ஏற்றுவதற்கு மிருதுளா அதிகம் பேசவில்லை. தெருவைக் கடந்து போய், “அண்ணா, பாப்பா காத்துட்டு இருக்குறா” என்றாள். அவன் துண்டைச் சரிசெய்துகொண்டு வந்து, அவள் எழுந்த முன்சீட்டில் உட்கார்ந்தான். ஜன்னல் பக்கமாகத் திரும்பித்தான் உட்கார்ந்தான். மிருதுளா பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

பிரகதீஷ் பொத்தானை அழுத்தினான். ஒரு சிறு பாட்டு ஓடும் நேரம் வரைக்கும் வண்டி காது கொடுத்துக் கேட்கும். பிறகு தீர்ப்புச் சொல்லும். முகப்பில் நீல விளக்கு எரிந்தது.

யாரும் பேசவில்லை.

“சண்டை போடுங்க” என்று பின்னாலிருந்து பல்லைக் கடித்தாள் மிருதுளா.

“மிருது, உங்கண்ணன்கிட்டச் சொல்லு, அவர் பண்ணினது ரொம்பத் தப்புன்னு.”

“அம்மிணி, அவிய பண்ணினது அதைவிடத் தப்புங்கன்னு மாப்ளகிட்டச் சொல்லு.”

“அப்படியா, சரீன்னு சொல்லு.”

“சரிங்கன்னு சொல்லு.”

நீல விளக்கு அணைந்தது. “மன்னிக்கவும். தாங்கள் இவ்வண்டிக்கு உரியவர் அல்லர். இன்னும் ஒரு வாய்ப்பு மீதமுள்ளது.”

“இது சண்டையா?” என்று கத்தினாள் மிருதுளா. “ரேஷன் கடை வரிசையில இதைவிட நல்லாச் சண்டை போடுவாங்க! இத பாருங்க, ரெண்டு பேருக்கும் சொல்றேன். இனி என்ற பேரை எடுக்கக் கூடாது. அவரு அங்க இருக்காரு, நீ இங்க இருக்கற. நடுவுல நான் கெடையாது.”

இருவரும் ஆளுக்கொரு பக்கக் கண்ணாடியைப் பார்த்தார்கள். குழாய் பேசி அவர்கள் கேட்டதில்லை.

பிரகதீஷ் விரலைப் பொத்தானுக்கு மேலே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். இது கடைசி. வண்டி இல்லையென்று சொல்லிவிட்டால் தோடு நாளை வரைக்கும் டிக்கிக்குள். காதுகுத்து நின்றுபோகும். தீரன் இறங்கி நடந்துவிடுவான். அவனை மறுபடி இந்த வண்டியில் ஏற்ற இன்னொரு குழந்தை பிறக்க வேண்டும். மூவருக்குமே அது தெரிந்திருந்தது.

அழுத்தினான்.

“மச்சான்” என்றான். “அன்னைக்கு நீங்க ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காமப் போனீங்க. நூறு பேர் பாத்தாங்க.”

“யாருங்க மாப்ள போகச் சொன்னது? நானா போனேன்?” தீரன் ஜன்னலிலிருந்து திரும்பிவிட்டான். “மேளம் அடிச்சுட்டு வந்து வாசல்ல நிக்கறேன். ஊரே பாக்குது. என்ற தங்கச்சி ஊடு. ‘வாங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்ல. எங்கடான்னு எட்டிப் பாத்தா, நீ பின்னால நின்னுட்டு எவனுக்கோ தண்ணித் தொட்டியக் காட்டிட்டு இருக்கற!”

“அது தண்ணித் தொட்டி இல்ல மச்சான்” என்றான் பிரகதீஷ். “மூணு அடுக்கு வடிகட்டி.”

தீரன் துண்டை உருவி மடியில் அறைந்தான்.

“பாரு! பாரு! இப்பவும் பாரு! வாசல்ல வந்தவனுக்கு வாங்கன்னு சொல்லத் தெரியல, வடிகட்டிக்குப் பேரு மாத்திச் சொன்னா மட்டும் பொத்துக்கிட்டு வருது!”

“தொட்டிங்கறது தேக்கி வைக்கறது. வடிகட்டிங்கறது ஓடவிடறது. ரெண்டும் ஒண்ணா? மேல கூழாங்கல்லு, அதுக்குக் கீழ கரி, அடியில மணலு...”

“கரிய நடுவுல போட்டியா?”

“நடுவுலதான்.”

“கரிய நடுவுல போட்டா மணலு அடியில போயி அடைச்சுக்காதா? மணலு நடுவுல வரோணும், கரி அடியில!”

“யாரு சொன்னா?”

“நான் சொல்றேன்! பதினஞ்சு வருசமாத் தோப்புத் தோப்பா வடிகட்டி கழுவிட்டு இருக்கறவன் சொல்றேன்! அந்தத் தண்ணி கலங்கி வருமே?”

பிரகதீஷ் ஸ்டியரிங் உறையைத் தடவினான்.

“வருதுல்ல?”

“மழை பேஞ்சா... லேசா...”

“டீத்தண்ணி மாதிரி வருமே!”

“டீ அளவுக்கு இல்ல மச்சான். கொஞ்சம் பால் ஊத்தின மாதிரி...”

இரண்டு வருடம். இரண்டு வருடம் பொத்திப் பொத்தி வைத்த மானம், மேளம், நூறு பேர் பார்வை எல்லாம் கரியா மணலா என்று வந்து நிற்கிறது. அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கணவன் விரல்களால் காற்றில் மூன்று அடுக்குகளை அடுக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். அந்தத் தண்ணீரில்தான் தினமும் அவள் துணி அலசுகிறாள். மழைக்காலத்தில் வெள்ளைச் சட்டைகளெல்லாம் ஏன் பழுப்பாகின்றன என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. முதலில் மூக்கு வழியாக ஒரு சீறல். பிறகு மூச்சு முட்டி, வார்த்தை இல்லாமல், மல்லிகை குலுங்க, முன்சீட்டின் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு அவள் சிரித்தாள்.

“சிரிக்காத அம்மிணி, அடுக்கு மாத்திப் போட்டா...”

“இருங்க மச்சான், நான் சொல்றதக் கேளுங்க, கரியோட துளை இருக்குதில்ல...”

“வணக்கம்” என்றது வண்டி. “உரியவருக்கு நல்வரவு.”

டிக்கி ‘டக்’கென்று திறந்துகொண்டது. மோட்டார் முனகத் தொடங்கியது. முன்னால் இருந்த இருவரும் கரியைப் பற்றி இன்னும் ஒரு நிமிடம் பேசிய பிறகுதான் அதைக் கவனித்தார்கள்.

ஊரைத் தாண்டித் தோப்புகளுக்கு நடுவே வண்டி ஓடியபோது முன்சீட்டில் கொண்டாட்டம்.

“நாம ரெண்டு பேருந்தான் மச்சான் சாவி!” என்றான் பிரகதீஷ். “நீங்க பாதி, நான் பாதி.”

“அப்போ வண்டி எடுக்கோணும்னா நான் வரோணும்.”

“வந்துதான் ஆகோணும்.”

“டீசல் எஞ்சின் காலத்துல இப்படி ஒண்ணு உண்டா? என்னமோ போ மாப்ள, அறிவுள்ள வண்டி.”

பிரகதீஷ் பெனாசிரைக் கூப்பிட்டு வெற்றியை அறிவித்தான். வண்டி ஒப்புக்கொண்டால் மட்டும் முகப்புத் திரையில் வரும் பதிவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார் அவர். எந்தச் சண்டை பொருந்தியது என்று பார்க்க அவருக்கும் ஆசை. தீரன் எடுத்து அனுப்பினான். பெனாசிர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“முன்சீட்டுல ஆம்பளைங்க ரெண்டு பேரா?”

“ஆமாங்க. நாங்கதான்.”

“உங்க ரெண்டு குரலுக்கும் வண்டி ஒரே பேர்தான் வெச்சிருக்கு. ‘இரைச்சல்’. மழைச் சத்தம், ஹாரன் சத்தம் மாதிரி. அதைக் கழிச்சுட்டுத்தான் மத்ததைக் கேக்குது.”

“இரைச்சலா?” என்றார்கள் இருவரும். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவர்கள் ஒரே பக்கம் நின்றார்கள்.

“பொருந்தினது பின்சீட்டு, இடது பக்கம்.” பெனாசிரின் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. “அங்க யாராவது சிரிச்சீங்களா?”

தீரன் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

“நல்ல தேர்வு” என்று அவர் தனக்கே சொல்வதுபோலத் தொடர்ந்தார். “பேச்சை ஆயிரம் பேர் நடிச்சுக் காட்டலாம். அடக்க முடியாம வர்ற சிரிப்பு, அதுல மூச்சு எங்க உடையும்னு சிரிக்கறவங்களுக்கே தெரியாது. முதல் வருசம் தினமும் வந்திருக்கு. பல நாள், பல தடவை. அப்புறமும் வருசக்கணக்கா வந்திருக்கு. கடைசியாப் பொருந்தினது...” திரையில் தேடினார். “ரெண்டு வருசம் முந்தி, சித்திரை மாசம். அதுக்கப்புறம் இன்னிக்குத்தான்.”

வீடு புகுந்தது அந்த வருடம் வைகாசியில்.

மிருதுளா வெளியே பார்த்தாள். தென்னைகள் பின்னோக்கி ஓடின. வீட்டில் அவள் சிரிக்காமல் இல்லை. குழந்தையோடு சிரிக்கிறாள், தொலைபேசியில் சிரிக்கிறாள். ஆனால் இந்தச் சிரிப்பு? வயிறு வலிக்கும் இந்தச் சிரிப்பு போய்விட்டதை அவள் கவனிக்கவே இல்லை. கணவனோ அண்ணனோ கவனிக்கவில்லை. வண்டி மட்டும் ஒவ்வொரு முறை ஏறும்போதும் காது கொடுத்துக் கேட்டு, இன்றும் இல்லை என்று குறித்து வைத்திருக்கிறது. திருட்டுப் போவதைக் கண்டுபிடிக்கத்தானே அதை வைத்தார்கள். எது போயிற்று என்பது அதற்குச் சரியாகத்தான் தெரிந்திருந்தது.

பிரகதீஷ் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். “மிருது...” என்றான்.

“ரோட்டைப் பாருங்க” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட மென்மையாக வந்தது.

கோயிலில் வண்டி நின்றதும் பிரகதீஷ் கதவைத் திறந்துகொண்டு ஓடினான். எங்கே ஓடுகிறான் என்று எல்லோரும் பார்த்தார்கள். பந்தல் வாசலுக்குப் போய்த் திரும்பி நின்று, மூச்சு வாங்க, இரண்டு கையையும் கூப்பினான்.

“வாங்க மச்சான்!”

“இருங்க மாப்ள, செருப்பக் கழட்டிக்கறேன்” என்றான் தீரன். குனிந்தவன் நிமிர வழக்கத்தைவிட நேரம் ஆயிற்று.

ராகு காலத்துக்கு முன்னால் எல்லாம் முடிந்தது. நிலானி மாமன் மடியில் உட்கார்ந்து, முதல் காதுக்கு அழுதாள். இரண்டாவது காதுக்கு ஆசாரியின் மூக்கில் ஒரு அடி கொடுத்தாள். மாமன் அதற்கும் பெருமைப்பட்டான்.

சாப்பாட்டுக்குப் பிறகு, வண்டியருகே நிழலில் மிருதுளா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். கணவனும் அண்ணனும் ஒன்றாக வந்து முன்னால் நின்றார்கள். ஏதோ பேசி முடிவு செய்திருப்பது தெரிந்தது.

“நாளைக்கு வண்டி எடுக்கறதுக்கு இப்பவே ஒத்திகை” என்றான் பிரகதீஷ். “மச்சான், ஆரம்பிங்க.”

தீரன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். “ஒருத்தன் டாக்டர்கிட்டப் போனானாமா. டாக்டர், எனக்கு மறதி ஜாஸ்தியா இருக்குதுன்னானாமா...” நடுவில் மறந்துவிட்டான். மறந்ததே சிரிப்பாக இருக்குமோ என்று இருவரும் ஆவலாக அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் உதட்டைப் பார்த்தார்கள்.

மிருதுளா உதட்டை அசைத்துப் பார்த்தாள். வரவில்லை. அவர்கள் முகம் விழுந்ததைக் கண்டு மனம் சங்கடப்பட்டு, பொய்யாக ஒரு சிரிப்புச் சிரித்தாள். இருவரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அந்த நிம்மதியைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. நாளைக் காலை சந்தைக்குப் போக வேண்டும், சிரி. மறுநாள் தோப்புக்கு, சிரி. காய்ச்சலா, குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமா? சிரி. நேற்று வரைக்கும் அவள் குழாய். நாளை முதல் சாவி.

“அந்தப் பெனாசிர் அக்காவைக் கூப்பிடுங்க” என்றாள்.

“எதுக்கு?”

“நிறுத்தற வழி சொல்றேன்னாங்கள்ல.”

“மிருது, யோசிச்சுப் பாரு. அது நின்னுபோச்சுன்னா யார் வேணும்னாலும் வண்டிய எடுத்துட்டுப் போயிருவாங்க. இந்த மாதிரி ஒரு பூட்டு உலகத்துலயே கெடையாது. உன்ற சிரிப்பை யாரும் திருட முடியாதுல்ல?”

“அதுதாங்க வேண்டாங்கறேன். நான் சிரிச்சா நீங்க ரெண்டு பேரும் என்னைப் பாக்கோணும். வண்டி கெளம்புதான்னு பாக்கக் கூடாது.”

பிரகதீஷ் வாயைத் திறந்தான். தீரன் அவன் தோளில் கைவைத்தான். “விடு மாப்ள. வண்டி அவ பேர்ல.”

பெனாசிர் வழி சொன்னார். முகப்புக்கு அடியில், வலப்பக்கம், பச்சை நிறத்தில் ஒரு சிறு பிடிப்பு. பிடித்து இழுத்தால் போதும். “இழுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நெனச்சுக்குங்க, திரும்ப மாட்ட முடியாது” என்றார். மிருதுளா புடவையைச் செருகிக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையில் குனிந்து, பிரகதீஷ் கைவிளக்கை நீட்டுவதற்குள் அதை இழுத்துவிட்டாள். முகப்பில் ஒரு விளக்கு மங்கி அணைந்தது. வண்டி எதுவும் சொல்லவில்லை.

“எலி கடிச்ச வயரை நான் மாத்திக் குடுக்கறேன்” என்றான் தீரன், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

“அந்த வயரு இனி எதுக்கு மச்சான்? அது சாட்சிக்கு ஓடின வயரு.”

“எதுக்கோ ஓடட்டும். அறுந்து கெடக்குதுல்ல?”

“வேலையே இல்லாத வயரு அறுந்தா என்ன, அறாட்டி என்ன?”

“நாளைக்கு ஊட்டுக்கு வர்றேன். மணலக் கொண்டாறேன். மொதல்ல அந்தக் கரிய எடு.”

மிருதுளா எழுந்திருக்கவில்லை, அந்த இருக்கையிலேயே நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். “ரெண்டு பேரும் பின்னால ஏறுங்க. பாப்பாவ நடுவுல வெச்சுக்குங்க. நான் ஓட்டறேன்.”

தூங்கிவிட்ட நிலானியை மடியில் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டு, வேட்டிகள் கசங்க இருவரும் பின்சீட்டில் நெருக்கிக்கொண்டார்கள். அவள் பொத்தானை அழுத்தினாள். கேள்வி கேட்காமல் வண்டி கிளம்பியது. கோயில் வளைவைத் தாண்டுவதற்குள், எந்த வழியாகப் போனால் நிழல் அதிகம் என்று பின்னால் தொடங்கிவிட்டது. அவர்களில் ஒருவன் குழந்தை விழித்துவிடும் என்று கிசுகிசுப்பாகக் கத்தினான். மற்றவன் அதைவிடக் கிசுகிசுப்பாகக் கத்தினான். இடையிடையே இருவரும் பேச்சை நிறுத்தி, கண்ணாடியில் அவள் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார்கள்.

மிருதுளா சிரிக்கவில்லை. சாலையைப் பார்த்து ஓட்டினாள். வரும்போது வரட்டும், அதற்காக இப்போது எதுவும் காத்து நிற்கவில்லை.